நீலத் தொப்பி

“நீளம் பத்தாது சார். தலைப்பக்கத்த நிமித்திடலாமா?” என்று கேட்டார் ஆம்புலன்ஸ் டிரைவர்.

ஸ்ட்ரெச்சரின் முன்சக்கரங்கள் லிஃப்ட்டுக்குள் இருந்தன. பின்சக்கரங்கள் நான்காம் மாடி நடைவழியில் நின்றன. மூட வழியில்லாத கதவு, ஸ்ட்ரெச்சரில் கிடந்தவளின் கணுக்காலருகே வந்து தட்டிவிட்டுத் திரும்பத் திரும்பப் பின்வாங்கியது.

“நிமித்த வேணாம். இருங்க” என்றார் அவளுடைய கணவர்.

சுவரோடு ஒட்டி உள்ளே நுழைந்து, இடுப்பில் தொங்கிய கொத்திலிருந்து ஒரு குட்டைச் சாவியைத் தடவி எடுத்தார். லிஃப்ட்டின் பின்சுவரில் ஒரு பலகை உண்டு. திறந்தால் ஒன்றரை அடி ஆழத்துக்குப் பொந்து மாதிரி ஓர் இடம். ஆளைப் படுத்த வாக்கில் கொண்டுபோகவென்றே வைத்தது. கட்டடத்தில் பாதிப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அவருக்குத் தெரியும், பொருத்தியதே அவர்தான். இருபத்தெட்டு வருஷமாக லிஃப்ட் மெக்கானிக். சாவி முதல் தடவையிலேயே துவாரத்தில் இறங்கியது.

ஆம்புலன்ஸில் வந்திருந்த இளம்பெண், நெருக்கியடித்துக்கொண்டு நின்றபடியே மார்பை அழுத்திக்கொண்டிருந்தாள். “இருபத்தொம்பது, முப்பது” என்று எண்ணி நிறுத்தி, மூக்கின் மேல் வைத்திருந்த பையை இரண்டு தடவை பிதுக்கினாள். நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு, அவரைப் பார்க்காமலே கேட்டாள்:

“எப்ப சார் நினைவு தப்புச்சு?”

“இப்பதான்மா.”

“இப்பன்னா? போன் பண்றதுக்கு எவ்வளவு நேரம் முன்னாடி?”

“பாத்ததும் பண்ணிட்டேன்.”

“நிமிஷமா சொல்லுங்க சார். எழுதணும்.”

மூன்றாம் மாடியின் வெளிச்சம் கதவிடுக்கில் ஏறி மறைந்தது. பிறகு இரண்டாம் மாடி.

“ரெண்டு” என்றார்.

அந்தப் பெண் தலையசைத்துவிட்டு மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.

*

மருத்துவமனையில் அதிக நேரம் ஆகவில்லை. பச்சைத் திரைக்குப் பின்னாலிருந்து வந்த டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே பேசினார். இதயம் சட்டென்று நின்றிருக்கிறது. ஐம்பத்து மூன்று வயதில் முன்னறிவிப்பு இல்லாமலும் இப்படி நடப்பதுண்டு. கொண்டுவரும்போதே ஒன்றும் இல்லை. அவர் “சரிங்க, சரிங்க” என்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சொன்னார். மோட்டார் எரிந்துவிட்டது, புதிதாக மாற்ற வேண்டும் என்று அவர் மற்றவர்களிடம் சொல்லும்போது அவர்களும் இப்படித்தான் “சரிங்க” என்பார்கள்.

ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். போட்டார். போட்ட பிறகுதான் அதிலிருந்த வரி கண்ணில் பட்டது. ‘கணவர் முன்னிலையில் மயங்கினார். உதவிக்கு அழைக்க ஆன நேரம்: இரண்டு நிமிடம்.’ சின்ன, வடிவான கையெழுத்து. ஆம்புலன்ஸ் பெண்ணுடையது.

மகளுக்கு போன் செய்தார். அவள் மூன்று மணி நேர ரயில் தூரத்தில், பெரிய மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். “அம்மாவுக்கு...” என்று தொடங்கியதுமே, “போனை டாக்டர்கிட்ட குடுங்கப்பா” என்றாள். கொடுத்தார். டாக்டர் பேசிவிட்டுத் திருப்பித் தந்தார். மறுமுனையில் ஏதோ ஒரு கருவி மட்டும் சீராகக் கூவிக்கொண்டிருந்தது.

மனைவியின் அடையாள அட்டை வேண்டுமென்றார்கள். எடுத்துவர அவர் வீட்டுக்குத் திரும்பினார். கூட வந்த எதிர்வீட்டுத் தையல்காரம்மா, “நான் வேணா உள்ள வரட்டுமா?” என்று கேட்டதற்கு வேண்டாம் என்று கையசைத்தார். சாவியைப் போடும்போதே உள்ளேயிருந்து பாட்டுக் கேட்டது. ஆறேழு சுரம், முடிந்ததும் மறுபடியும் தலையிலிருந்து தொடங்கும், விடாப்பிடியான, குதூகலமான பாட்டு.

டிவி ஓடிக்கொண்டிருந்தது. யாரும் நிறுத்தவில்லை. திரையில் இரண்டு தபால்காரர்கள் அடுத்தடுத்து நின்றார்கள். சிவப்புத் தொப்பிக்காரன் சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கித் தூக்கி இறக்கினான். நீலத் தொப்பிக்காரன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

முதல் ஆட்டக்காரர்: முப்பத்தொரு கடிதம். இரண்டாம் ஆட்டக்காரர்: பத்தொன்பது.

அதற்குக் கீழே, கடைசிக் கடிதம் கொடுத்த நேரம் என்று ஒரு வரி இருந்தது. இத்தனை நாளும் அதை அவர் படித்ததேயில்லை. சிவப்பு: பதினைந்தாவது நிமிடம். நீலம்: எட்டாவது நிமிடம்.

அவர் நின்றபடியே ஒருமுறை கழித்துப் பார்த்தார். மறுபடியும் கழித்துப் பார்த்தார். சின்னக் கணக்குத்தான். பிறகு குனிந்து, சுவிட்சுப் பலகையிலிருந்து ஒயரைப் பிடுங்கினார். பாட்டு பாதிச் சுரத்தில் நின்றது. பழைய காலத்து வீடியோ கேம் பெட்டி. மின்சாரம் போனால் எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாது.

*

அந்தப் பெட்டி மகளுடையது. அவளுக்குப் பதினைந்து வயதாக இருந்தபோது, பரீட்சைக்கு முந்தின மாதம், அம்மாக்காரி பிடுங்கி ஒளித்துவைத்தாள். “பரீட்சை முடிஞ்சதும் தர்றேன்” என்றாள். பரீட்சை முடிந்தது, கல்லூரி முடிந்தது, மகளுக்குக் கல்யாணமும் ஆயிற்று. பெட்டி, அலமாரிக்கு மேலிருந்த சூட்கேசில் கம்பளிகளுக்கு நடுவே பதினாறு வருஷம் கிடந்தது. ஒளித்தவளே மறந்துபோனாள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் அலமாரிக்குப் பின்னால் ஈரம் கசிகிறதென்று சூட்கேசை இறக்கியபோதுதான் அது வெளியே வந்தது. யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றாள். கொடுப்பதற்கு முன், ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும் என்றாள். பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் உதவியாளர் அவள். சரிபார்க்காமல் எதையும் கைமாற்ற மாட்டாள். அவர் கேசட்டின் செப்புப் பற்களை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஒயர்களை டிவிக்குப் பின்னால் செருகினார்.

“இந்தத் தண்டக் கருமாந்திரத்துக்கா அவ அப்படி அழுதா?” என்றாள் அவள், திரை விழித்ததும்.

இரண்டு தபால்காரர்கள். திரை நடுவில் ஒரு கோடு. மேல் பாதி ஒருவருக்கு, கீழ்ப் பாதி ஒருவருக்கு. காலையில் மணி அடித்ததும் இருவரும் ஒரே ஊருக்குள் சைக்கிளில் கிளம்புவார்கள். மாலை மணிக்குள், அதாவது பதினைந்து நிமிடத்துக்குள், யார் அதிகக் கடிதம் கொடுக்கிறார்களோ அவருக்கு வெற்றி. மரங்கள் கட்டம் கட்டமாக இருந்தன. ஆட்களுக்கு மூக்கே இல்லை. அதில் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. அதுதான் அவளைப் பிடித்துக்கொண்டது போலிருக்கிறது. எந்தச் சந்து எங்கே திறக்கும், மழை வந்தால் எந்தக் கடிதத்தை முதலில் கொடுக்க வேண்டும், பாலத்தில் நிற்கும் கிழவர் ஏன் கை காட்டுகிறார் என்று எல்லாவற்றையும் தானே கண்டுபிடிக்க வேண்டும். இரண்டாம் நாளே ஒரு நோட்டுப் புத்தகம் போட்டாள். ஊர் வரைபடம், படம் வரைந்து பாகங்களைக் குறித்து, கீழே கோடிட்டு.

ஒருநாள் அவர் ஏழுமாடிக் கட்டடமொன்றில் லிஃப்ட்டின் அடிக்குழியில் மண்டியிட்டு வேலை செய்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. அவள் வேலை நேரத்தில் கூப்பிடுகிறவள் இல்லை. பதறிப்போய் எடுத்தார்.

“ஏங்க, மணிய ரெண்டு தடவை அடிச்சா நாய் உக்காந்துடுதுங்க!”

“எந்த நாய்?”

“மூணாந்தெரு நாய்ங்க! இத்தன நாளா துரத்திச்சே!”

குழிக்குள் அவர் சிரித்த சிரிப்பு ஏழு மாடிக்கும் கேட்டது. மேலே நின்ற காவலாளி எட்டிப் பார்த்து, “என்னாச்சு மெக்கானிக்கே?” என்றான்.

கல்யாணமாகி முப்பத்தி மூன்று வருஷம். சண்டை போட்டிருக்கிறார்கள், சமாதானமாகியிருக்கிறார்கள், பெரும்பாலும் அவரவர் வேலையைப் பார்த்திருக்கிறார்கள். விளையாடியதில்லை. இருவரும் சேர்ந்து ஒன்றை விளையாடலாம் என்று தோன்றியதேயில்லை. இந்த மூன்று வாரத்தில் சாயங்காலம் அவர் படியேறி வரும் வேகமே மாறிவிட்டது. தினமும் அவள்தான் ஜெயித்தாள். ஒருமுறை ஆட்டத்தின் நடுவே எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தும் ஜெயித்தாள். “லிஃப்ட்லயே போய்ப் பழகுன ஆளுக்கு சைக்கிள் எங்க மிதிக்க வரும்?” என்று கேட்டாள்.

“பொண்ணுகிட்ட சொல்லிடாதீங்க” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிவைத்திருந்தாள். “மானம் போயிடும். லீவுக்கு வரட்டும், நானே மன்னிப்புக் கேட்டுக் குடுத்துடறேன்.”

*

சனிக்கிழமை காலை இருவருக்கும் விடுமுறை. டீ குடித்துவிட்டு, “ஒரே ஒரு நாள்” என்று உட்கார்ந்தார்கள். அவர்கள் பேச்சில் ஓர் ஆட்டத்துக்கு ஒரு நாள் என்று பெயர். அவர் சோபாவில், அவள் வழக்கம்போலத் தரையில், சோபாவில் முதுகு சாய்த்து, அவர் முழங்காலுக்குப் பக்கத்தில். அவள் முகம் அவருக்குத் தெரியாது. வகிடும் காதோரத்து நரையும்தான் தெரியும்.

பாதி ஆட்டத்தில் அவள் தலை அவருடைய முழங்காலில் சாய்ந்தது.

அவருக்கு அது பிடித்திருந்தது. பகல் வெளிச்சத்தில் அவள் அப்படிச் சாய்கிறவள் இல்லை. காலை அசைத்தால் எடுத்துவிடுவாளோ என்று, அசையாமல் ஆடினார். கீழ்ப் பாதித் திரையில் நீலத் தொப்பிக்காரன் ஒரு வீட்டு வாசலில் நின்றுவிட்டதை ஓரக்கண்ணால் பார்த்தார். பிறகு அவன் உட்கார்ந்ததையும் பார்த்தார். அவன் உட்காருவான் என்பதே அதுவரை தெரியாது. இதுவும் அவள் கண்டுபிடித்த புது வித்தை போலிருக்கிறது என்று நினைத்தார்.

“என்ன, பாவம்னு விட்டுக் குடுக்கிறியா? அதெல்லாம் வேணாம். நேர்மையா ஆடு.”

“ம்” என்று ஒரு சத்தம் வந்தது. பெருமூச்சு போல, கொஞ்சம் நீளமாக.

அவர் ஆடினார். மூன்றாந்தெருவில் இரண்டு தடவை மணியடித்தார், நாய் உட்கார்ந்தது. பாலம் கடந்தார். திரையில் வானம் மஞ்சளாகி, ஆரஞ்சாகி, ஊதாவானது. மாலை மணி அடித்தது. சிவப்புத் தொப்பிக்காரன் சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கினான். மூன்று வாரத்தில் முதல் தடவை.

“பாத்தியா!” என்று கத்திக்கொண்டு அவர் குதித்து எழுந்தார்.

*

மகள் மாலை நாலு மணி ரயிலில் வந்தாள். அழுத முகமாக இல்லை. கழுவின முகமாக இருந்தது. அப்பாவின் கையைப் பிடித்து, பிடித்த கையோடு நாடி பார்த்தாள். அது அவளுக்கே தெரிந்திருக்காது.

“என்ன பண்ணிட்டிருந்தீங்க அப்போ?”

“டிவி பாத்துக்கிட்டிருந்தோம்.”

“நெஞ்சு வலிக்குதுன்னு எதாவது சொன்னாங்களா?”

“ஒண்ணும் சொல்லல. சாஞ்சுட்டா. போன்ல சொல்லிக் குடுத்தாங்க, அவங்க வர்ற வரைக்கும் அழுத்தினேன்.”

“நல்லா அழுத்துனீங்களா?”

“நல்லாத்தான் அழுத்தினேன்.”

அவள் தலையசைத்தாள். ஞாயிறு காலை பத்து மணிக்கு எடுத்தார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து ஆசிரியர்கள் வந்தார்கள். தலைமையாசிரியை அழுதார். இனிமேல் ஆய்வகத்தில் எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கென்று யாருக்குத் தெரியும் என்றார். அதைச் சொன்னதற்காக உடனே வெட்கப்பட்டு மறுபடியும் அழுதார். அவர் எல்லோருக்கும் கைகூப்பினார். ஒவ்வொருவரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்; ஒவ்வொருவருக்கும் அவர் அதே பதிலைச் சொன்னார். டிவி பாத்துக்கிட்டிருந்தோம். சாஞ்சுட்டா. சொல்லச் சொல்ல அது வாய்க்கு வழவழப்பாகிக்கொண்டே வந்தது. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

பன்னிரண்டரைக்கு வீடு காலியானது. மகள் சோபாவில் உட்கார்ந்து மருத்துவமனைத் தாள்களைப் படித்தாள். மாப்பிள்ளை குழந்தையோடு மறுநாள் வருவதாக ஏற்பாடு. அவள் படித்த தாளையே மறுபடி படித்தாள். நகத்தை ஒரு வரியின் மேல் வைத்துக்கொண்டாள்.

“அப்பா, இது சரியா வரல.”

“எது?”

“ரெண்டு நிமிஷத்துல போன் பண்ணிட்டீங்க. உடனே அழுத்த ஆரம்பிச்சுட்டீங்க. ஆம்புலன்ஸ் ஒம்பது நிமிஷத்துல வந்துடுச்சு. அப்படி இருந்தா, மெஷின் வச்சதும் கோடு இவ்வளவு நேரா இருக்காதுப்பா. துடிப்பு கொஞ்சமாவது தாறுமாறா ஓடும். ஷாக் குடுத்திருக்கலாம். இவங்க குடுக்கவே இல்ல. மெஷின ஒழுங்கா ஒட்டல, இல்ல சரியாப் பாக்கல. நாளைக்கே எழுதிக் குடுக்கப் போறேன்.”

“எதுக்கும்மா அதெல்லாம்?”

“எதுக்கா? எங்கம்மாப்பா!”

வாசல் மணி அடித்தது.

தையல்காரம்மாவாக இருக்கும் என்று கதவைத் திறந்தார். ஆம்புலன்ஸ் பெண் நின்றாள். சீருடை இல்லாமல் இன்னும் சின்னவளாகத் தெரிந்தாள். கையில் ஒரு பழுப்பு உறை.

“அம்மாவோட கண்ணாடி சார். வண்டியில கெடந்துச்சு. குடுத்துட்டுப் போலாம்னு...”

அவர் வாங்கிக்கொண்டார். அவள் உடனே திரும்பியிருந்தால் எல்லாம் வேறு மாதிரி ஆகியிருக்கும். திரும்பவில்லை. ஒரு காலை மாற்றி நின்றாள்.

“நீங்கதான் நேத்து வந்தவங்களா?” என்று மகள் பின்னாலிருந்து கேட்டாள். “உள்ள வாங்க.”

வந்தாள். உட்காரவில்லை. மகள் தாளை அவள் முன் நீட்டினாள். குரலை உயர்த்தவில்லை, வார்டில் இளையவர்களைக் கேள்வி கேட்கும் குரல் அது என்பது அவருக்குப் புரிந்தது. எத்தனை மணிக்கு ஒட்டினீர்கள், எங்கே ஒட்டினீர்கள், தோல் ஈரமாக இருந்ததா, துடைத்தீர்களா? அந்தப் பெண் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் கழுத்து சிவந்தது.

“அப்புறம் எப்படிங்க கோடு நேரா வரும்? நீங்களே சொல்லுங்க.”

“எனக்கும் தெரியலக்கா.” அவள் குரல் உடைந்தது. “சார் ரெண்டு நிமிஷம்னு சொன்னாரு. அழுத்திக்கிட்டும் இருந்தாரு. நேத்துலேர்ந்து அதையேதான் நெனச்சிட்டிருக்கேன். நான் எங்க விட்டேன்னு. உண்மையச் சொன்னா கண்ணாடி ஒரு சாக்குதான். உங்களப் பாத்துக் கேக்கணும்னுதான் வந்தேன். நான் எதாவது தப்பாப் பண்ணினேனா சார்?”

அவள் அவரைப் பார்த்தாள். மகளும் பார்த்தாள்.

“ஏழு” என்றார் அவர்.

“என்னப்பா?”

“ரெண்டு இல்ல. ஏழு நிமிஷம்.”

கீழே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினார்கள். அவர் டிவிக்குக் கீழிருந்த பலகையைக் காட்டினார். சாம்பல் நிறப் பெட்டி, சுற்றிவைக்காத ஒயர்கள், இரண்டு ஜாய்ஸ்டிக்குகள். நேற்றிலிருந்து எல்லோர் கண்ணெதிரிலும் அங்கேயேதான் இருந்தது.

“டிவி பாக்கல. இத ஆடிக்கிட்டிருந்தோம். அம்மாவும் நானும்.”

மகள் அதைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்துகொள்ள அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது.

“அம்மாவா?”

“மூணு வாரமா.”

“அந்தத் தபால்காரனையா? அம்மாவா?” அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்தினாள், நிற்கவில்லை. தோள் குலுங்கச் சிரித்தாள். “அந்த டப்பாவுக்காக ரெண்டு நாள் சாப்பிடாம கெடந்தேன் நான்! அம்மா ஆடினாங்களா? அய்யோ!”

“நல்லா ஆடுவா. தெனமும் அவதான் ஜெயிப்பா.”

சிரிப்பு நின்ற இடம் அவருக்கு அப்படியே தெரிந்தது. மகளின் கண்கள் முதலில் நின்றன. வாய் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது.

“உக்காந்துட்டானா?” என்று மெல்லக் கேட்டாள்.

“ஆமா.”

“அம்மாவோட ஆளு?”

“ஆமா. நீலத் தொப்பி.”

“பட்டனத் தொடாம ரெண்டு நிமிஷம் விட்டாத்தான்பா அவன் உக்காருவான்.”

“எனக்கு அது தெரியாதும்மா. விட்டுக் குடுக்கிறான்னு நெனச்சேன். தலை என் முழங்கால்ல சாஞ்சிருந்துச்சு. ஆசையாச் சாஞ்சிருக்கான்னு நெனச்சேன். கால அசைக்காம ஆடிக்கிட்டிருந்தேன்.” அவர் நிறுத்தினார். பிறகு, அதையும் சொல்லிவிட வேண்டும் என்பது போல, “ஜெயிச்சுட்டேன்” என்றார்.

ஆம்புலன்ஸ் பெண் தரையைப் பார்த்தாள். மகள் கேட்டபோது, அது நர்ஸின் குரலாகவும் இல்லை, மகளின் குரலாகவும் இல்லை.

“தலை சாஞ்சப்புறம் எதாவது சத்தம் வந்துச்சா?”

“நான் ஒண்ணு கேட்டேன். அதுக்கு ‘ம்’னா.”

“‘ம்’னா எப்படி? பதில் மாதிரியா?”

“பெருமூச்சு மாதிரி. கொஞ்சம் இழுத்து.”

மகள் அந்தப் பெண்ணைப் பார்த்தாள். அந்தப் பெண்ணும் அதே நொடியில் தலை நிமிர்ந்தாள். “சார், அது கடைசியா வர்ற...” என்று தொடங்கினாள். மகள் லேசாகத் தலையை அசைத்தாள். தெரிந்தும் தெரியாத ஓர் அசைவு. அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டாள்.

அவர் அதைப் பார்த்தார். என்னவென்று கேட்கவில்லை.

“உங்க மேல தப்பில்ல” என்றாள் மகள் அந்தப் பெண்ணிடம். “நான் எழுதிக் குடுக்கல. நீங்க போய்ட்டு வாங்க.”

“அம்மா, என்னை மன்னிச்சுடும்மா” என்றார் அவர், அந்தப் பெண்ணிடம். அவள் சட்டென்று குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். லிஃப்ட்டுக்கு நிற்கவில்லை. படியில் அவள் இறங்கும் சத்தம் நான்கு மாடிக்கும் கேட்டது.

அவர் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினார்.

“சீக்கிரம் பாத்திருந்தா...” என்றார்.

“தெரியாதுப்பா.”

“நீ நர்ஸ். உனக்குத் தெரியும்.”

“பொழைச்சிருக்கலாம். பொழைக்காமலும் போயிருக்கலாம். நெசமா யாருக்கும் தெரியாது. பொய் சொல்லச் சொல்றீங்களா?” அவள் கையை உயர்த்தி, அவர் பக்கத்தில் வராதபடி நிறுத்தினாள். “இப்ப என்னால உங்களப் பாக்க முடியலப்பா. கொஞ்ச நேரம்.”

குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டாள். குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் கொட்டிக்கொண்டேயிருந்தது. அவர் கதவுக்கு வெளியே நின்றார். பிறகு அங்கே நிற்பது தப்பு என்று தோன்றி, சமையலறைக்குப் போய் நின்றார். பாத்திரங்கள் எல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்தன. யார் கழுவினார்கள் என்று தெரியவில்லை. எதுவும் அதனதன் இடத்தில் இல்லை.

இருபது நிமிடம் கழித்துக் குழாய் நின்றது. மகள் வெளியே வந்து சோபாவில் உட்கார்ந்தாள். கண் வீங்கியிருந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டே,

“நாயக் கண்டுபுடிச்சாங்களா?” என்று கேட்டாள்.

“ரெண்டு தடவை மணி.”

“எனக்கு அதுக்கு ஒரு மாசம் ஆச்சு.”

“அவளுக்கு அஞ்சு நாள்.”

மகள் மூக்கை உறிஞ்சினாள். “டீ வைக்கிறீங்களா? நேத்துலேர்ந்து தலை வலி.”

அவர் அடுப்பைப் பற்றவைத்து, தண்ணீர் வைத்தார். டீத்தூள் டப்பாவைத் தேடினார். மூன்றாவது அலமாரியில் கிடைத்தது. சர்க்கரை எத்தனை என்று கேட்க முன்னறைக்கு வந்தார்.

அவள் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தாள். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. ஜன்னலிலிருந்து மதிய வெயில் அவள் மடியில் விழுந்தது.

அவர் நாற்காலியை இழுக்காமல், தூக்கிக்கொண்டு வந்து எதிரில் போட்டு உட்கார்ந்தார். அவள் தோள்பட்டை உயர்ந்தது, தாழ்ந்தது. ஓர் இடைவெளி. மறுபடியும் உயர்ந்தது. அவர் முழங்காலில் கைகளை ஊன்றி, கொஞ்சம் முன்னால் குனிந்துகொண்டார்.

சமையலறையில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. பிறகு மூடி தடதடவென்று ஆடியது. அவருடைய போன் எங்கேயோ அடித்து ஓய்ந்தது. வெகு நேரத்துக்குப் பிறகு, தண்ணீர் சுண்டி, பாத்திரம் காயும் வாசனை மெதுவாக முன்னறைக்கு வந்தது. அவர் கண்ணை எடுக்கவில்லை.